சுவரின் மேல் வைத்த பொறை

வெல்ஃபேர்காரர்கள் வருகிற நாளில் எனக்கு உட்காரத் தெரியாது. இப்போது யாரும் வருவதில்லை. ஆனாலும் தெருமுனையில் ஒரு வண்டி வேகம் குறைகிற சத்தம் கேட்டால் என் கை தானாகப் போய் மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவும். கால் அடுப்படிக்கும் வாசலுக்குமாக அலையும். வண்டி கடந்து போய்விடும். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அலைந்துகொண்டுதான் இருப்பேன். நின்றால் ஏதோ நடந்துவிடும் என்பது போல.

எழுபதுகளின் பின்பாதியில் தொடங்கியது இது. ஆம்பூரில் ரயில் பாதைக்கும் டேனரிகளுக்கும் நடுவிலிருந்த தெருவில் எங்கள் வாடகை வீடு. நான் மிஷன் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். என் கணவர் டேனரியில் சூப்பர்வைசர். தோல் பதனிடுகிற குரோம் உப்பின் நீலம் அவர் நகக்கண்ணை விட்டுப் போனதே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் கூட இடது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எழுந்திருக்கும்போது போதகர் ஓர் அறிவிப்புச் செய்தார். வேலூருக்கு அந்தப் பக்கம் தொழுநோய் ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்கிற தாய்மார் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளுக்கு நோய் இல்லை, தாய் குணமாகும் வரைக்கும் அந்தப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் குடும்பங்கள் வேண்டும். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டிருந்தேன்.

அப்படித்தான் அவள் வந்தாள். மொட்டைத் தலை, காதில் வேப்பங்குச்சி, கையில் ஒரு தகரப் பெட்டி. இன்னும் முழு வாக்கியம் பேச வராத வயது. அழைத்து வந்தவர் முதலாவது வெல்ஃபேர் அம்மா; பிள்ளை இருக்கிற வீட்டை அவ்வப்போது வந்து பார்த்துப் போவது அவர் வேலை.

அவர் நர்ஸாக இருந்து சமூக சேவைப் பிரிவுக்கு மாறியவர். கட்டையான உருவம், கறுப்புக் குடை, கல்யாணம் செய்துகொள்ளாதவர்களுக்கே வருகிற ஒரு அதட்டல். பஸ்ஸில்தான் வருவார். வந்ததும் நாற்காலியைப் பார்க்க மாட்டார். நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு. அந்தத் தண்ணீரை வெளியூர்க்காரர் யாரும் இரண்டாவது மிடறு குடித்ததில்லை. டேனரி உப்பு அதற்குள்ளே இறங்கிக் கொண்டிருந்த காலம். அவர் முழுச் சொம்பையும் குடித்து முந்தானையில் வாயைத் துடைப்பார்.

"உப்பு ஜாஸ்திதான். காய்ச்சிக் குடு. ராத்திரி யார் கிட்ட படுக்கிறா?"

"என் கிட்டதாம்மா."

"ஒதைக்கிறாளா?"

"விலா எலும்பே போவுது."

"அப்ப சரி. ஒதைக்காம ஓரமா சுருண்டு படுக்குற புள்ளைக்குத்தான் நான் கவலைப்படுவேன்."

யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பெத்தவ அம்மா. நீ பெரியம்மா. அப்பான்னு ஒருத்தனும் இதுவரைக்கும் ஆஸ்பத்திரி பக்கம் வந்ததில்ல. அதனால உன் வூட்டுக்காரரை அப்பான்னே கூப்பிடட்டும். காலியா கெடக்குற எடம்தானே."

"காலி எடமானாலும் எடம்தானே!" என்றார் என் கணவர். அன்று முழுதும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாதத்தில் ஒரு தடவை அவளைத் தாயிடம் காட்டிவிட்டு வர வேண்டும். ஆம்பூரிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து இன்னொரு பஸ். ஆஸ்பத்திரி வளாகத்தில் புங்க மரங்களுக்குக் கீழே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் பார்க்க வந்தவர்கள். சுவருக்கு ஒரு முறை இருந்தது. கொண்டுவந்ததைக் கையில் கொடுக்கக் கூடாது. வெல்ஃபேர் அம்மாதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார், ஜெபம் கற்றுக்கொடுப்பது போல, நிறுத்தி நிறுத்தி.

"செவுத்து மேல வை. வச்சியா? இப்ப பின்னால வா. இன்னும் வா. கைய பின்னால கட்டிக்க. அம்மா எடுத்துக்குவா. அப்புறம் அம்மா வைப்பா. அவ பின்னால போனப்புறம்தான் நீ போயி எடுத்துக்கணும்."

எட்டாத அவளை நான் தூக்கிப் பிடிப்பேன். அவள் பொறையை வைப்பாள். ஆம்பூர் பேக்கரிப் பொறை, மொறுமொறுவென்று, மேலே கொஞ்சம் சர்க்கரை. நாங்கள் பின்னால் வருவோம். அந்தப் பெண் வந்து எடுப்பாள்.

அந்தப் பெண். திமிரிப் பக்கத்திலிருந்து வந்தவள். எனக்கு மிகவும் இளையவள். இடது கையில் இரண்டு விரல் மடங்கி நின்றுவிட்டிருந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை, சிரிப்பைத் தவிர. அந்தச் சுவரின் விதியை அவள் ஒரு விளையாட்டாக மாற்றிக்கொண்டிருந்தாள். வெறுமனே எதையும் வைக்க மாட்டாள். ஒரு புங்க இலையைப் போட்டு மூடி வைப்பாள். அடியில் ஒரு புளியங்காய், ஒரு கொய்யாப் பிஞ்சு, ஒரு நாள் ஒரு பொன்வண்டு. வைத்துவிட்டுப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, முகவாயைத் தூக்கி, உதட்டை உள்ளே மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பாள். எடு, எடுத்துப் பார் என்கிற முகம். இந்தப் பக்கம் சின்னது அதே மாதிரி நிற்கும். கை பின்னால், முகவாய் மேலே, உதடு உள்ளே. ஒரே முகத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்த மாதிரி இருக்கும். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மரத்தைப் பார்ப்பேன், குடையைப் பார்ப்பேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பேன்.

வீட்டிலும் அவள் அதையே செய்தாள். என் கணவருக்குக் காப்பி டம்ளரைத் தரையில் வைப்பாள். பின்னால் போவாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவர் எடுக்கிற வரைக்கும் மூச்சுக்கூட விட மாட்டாள்.

"இன்னாடா இது! ராஜாவுக்குக் கப்பம் கட்ற மாதிரி!" என்று அவர் அப்படியே வணங்கி எடுத்துக்கொள்வார். எனக்குச் சீப்பு, சாக்பீஸ் டப்பா, உரித்த வெங்காயம், எல்லாமே தரையில்தான். பால்காரருக்குச் செம்பைக் கையில் நீட்டுவாள். கடைக்காரரிடம் காசைக் கையில் கொடுப்பாள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் வைத்துவிட்டுப் பின்னால் போவாள். அதை நான் கவனித்தேன். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று ஒரு பயம். சில சந்தோஷங்களை உற்றுப் பார்த்தால் கலைந்துவிடும் என்று நினைக்கிற ஆள் நான்.

முதலாமவருக்கு முட்டி வலி அதிகமாகி வேலையை விட்டார். கடைசியாக வந்த நாளில் தண்ணீரைக் குடித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, பெஞ்சில் உட்கார்ந்தார். "அவ அம்மாவுக்கு சீக்கிரத்துல குணமாவாதும்மா. அந்த மாத்திரை நத்தை மாதிரிதான் வேலை செய்யும். அவ வெளிய வர்றதுக்குள்ள இவ சமைக்கக் கத்துக்குவா. நீ உன் புள்ளயாவே நெனச்சி வளத்துடு."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சொல்லை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அது எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். இரவும் பகலும் அதைச் சுற்றியே நடந்தேன்.

இரண்டாமவர் ஓர் இளைஞர். மெட்ராஸில் படித்து முடித்த கையோடு வந்தவர். பெல்பாட்டம், மோட்டார் சைக்கிள், தோளில் ஒரு பிளாஸ்க். எங்கள் தண்ணீரைத் தொட மாட்டார். நாற்காலியில் உட்காருவார், காலை ஆட்டுவார், கேள்வியாகக் கேட்பார். பானையை முகர்ந்து பார்க்கிறவருக்குப் பழகியிருந்த எனக்குக் கேள்விகளுக்கு என்ன சமைத்து வைப்பதென்று தெரியவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ரொம்ப அட்டாச் ஆயிடக் கூடாது."

"எவ்ளோ ஆவலாம் சார்?" என்றார் என் கணவர், முகத்தை மிகவும் பவ்யமாக வைத்துக்கொண்டு.

அவர் நிஜமாகவே யோசித்தார். "லிமிட்டா."

அப்புறம் வெகு நாளைக்கு எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்பு லிமிட்டா, தலைக்கு எண்ணெய் லிமிட்டா. அவளும் கற்றுக்கொண்டாள். முத்தம் கேட்டால் "லிமிட்டா" என்று கன்னத்தின் ஓரத்தை மட்டும் காட்டுவாள்.

ஆனால் நல்ல மனிதர். அவளுக்குக் கலர் பென்சில் கொண்டுவந்தார். அந்தச் சுவரைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. புது மாத்திரைகள் வந்திருக்கின்றன, அந்தப் பெண்ணிடமிருந்து இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொல்கிறார், அப்புறம் எதற்கு இந்தச் சுவர் என்று ஆஸ்பத்திரிக்குள் போய்ச் சண்டை போட்டார். சண்டை போட்டு, சுவரின் கோடியில் எப்போதும் பூட்டியே கிடந்த சின்ன கேட்டைத் திறக்க வைத்தார்.

அவளுக்கு அப்போது ஆறு வயதிருக்கும். திறந்த கேட்டுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். எதிரே அந்தப் பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இளைஞர், ஆஸ்பத்திரி அதிகாரி ஒருவர், ஒரு நர்ஸ். எல்லோர் கையிலும் ஏதோ ஒரு காகிதம். என் கையை விட்டாள். நடந்தாள். நீட்டிய கைகளுக்கு முன்னால் தரையில் பொறையை வைத்தாள். பின்னால் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, முகவாயைத் தூக்கி, நின்றாள்.

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. அவளோடு விளையாட அந்தப் பெண்ணால் முடியவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நின்றால் யாரால் முடியும்? முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சின்னது காத்திருந்தது. பொறையைச் சுற்றி எறும்பு வர ஆரம்பித்தது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை அந்த இளைஞர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். "பயம், டீச்சர். கிளியரா தெரியுது. தொடாதேன்னு வீட்ல யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களா?"

"உங்க ஆபீஸ்லதான் சார் சொல்லிக் குடுத்தாங்க."

அவர் சிரிக்கவில்லை. "பயப்படற குழந்தையத் தூக்கி அனுப்ப முடியாது. அது பாவம். அம்மா டிஸ்சார்ஜ் ஆனாலும் குழந்தை உங்க கிட்டயே பெர்மனென்டா இருக்கட்டும்னு நான் சிபாரிசு பண்றேன். கோர்ட்ல உங்களை கார்டியனா போட்டுக்கலாம்."

நான் சரி என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. பஸ்ஸில் அவள் என் மடியில் தூங்கினாள். ஜன்னலுக்கு வெளியே பாலாறு வெறும் மணலாக ஓடிக்கொண்டே வந்தது, பஸ்ஸைவிட வேகமாக.

அன்று மாலை என் கணவர் ஒரு பெட்டி மக்கன் பேடா வாங்கி வந்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். வாயெல்லாம் ஜீரா. இனிப்பை நான் எப்போதும் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள்தான். அன்று உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சிபாரிசு எழுதியவர் வடக்கே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்தவர் வந்து ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அடுத்தவர் வரவில்லை. மாதங்கள் போயின. என் மாதங்கள் அவை. மழைக்காலம் வந்தது, டேனரி வாய்க்கால் பொங்கித் தெருவுக்கு வந்தது, வடிந்தது. இரண்டு தடவை திரைச்சீலை மாற்றினேன். பெங்களூர் மெயில் போகிற அதிர்வில் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன், ரயிலில் யாரும் வீட்டு வாசலில் வந்து இறங்க மாட்டார்கள் என்று தெரிந்தும். பள்ளியில் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். "டீச்சர், நீங்க நடந்தா எழுத்து ஆடுது" என்றது ஒன்று. நிரந்தரம் என்ற சொல் இவ்வளவு அலைக்கழிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளோ ஒன்றும் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தாள். வெங்காயத்தை உரித்துத் தரையில் வைத்தாள். பின்னால் போய் நின்றாள். நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாமவர் வாணியம்பாடியிலிருந்து வந்தார். ஜட்காவில் வந்து இறங்கி, புர்காவைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நான் இழுத்துப் போட்ட நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் சம்மணமிட்டார். என் வயதுதான் இருக்கும். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய்.

"தண்ணி வேணாம்க்கா. உங்க ஊர் தண்ணியும் எங்க ஊர் தண்ணியும் ஒரே பேஜார்தான். டீ போடுங்க, அதுல உப்பு தெரியாது. சக்கரை மட்டும் கம்மி பண்ணாதீங்க."

நான் அடுப்படியில் டீ போட்டேன். எடுத்துக்கொண்டு போய்க் கொடு என்று அவளிடம் ஒவ்வொரு டம்ளராக நீட்டினேன். முதல் டம்ளரை வந்தவரின் கையில் கொடுத்தாள், சிந்தாமல், இரண்டு கையாலும்.

"ஷாபாஷ்! இங்க பாருங்க சார்," என்றார் அவர் என் கணவரைப் பார்த்து. "மூஞ்சி தெரியாத எனக்கு கையில குடுக்குறா. பெத்தவ கைய நீட்டினா மட்டும் பின்னால போறா. முன்னால இருந்த சார் எழுதினது சரிதான் போலிருக்கு. பாவம். சரி, பேனா எங்க போட்டேன்?" அவர் பைக்குள் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

நான் என் டம்ளரை எடுக்காமல் வந்து கூடத்தில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். வெல்ஃபேர்காரர் முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் எனக்கான டம்ளரைக் கொண்டுவந்தாள். என் முட்டிக்கு முன்னால் தரையில் வைத்தாள். பின்னால் போனாள். கையைக் கட்டிக்கொண்டாள். முகவாய் மேலே.

வந்தவர் அதைப் பார்க்கவில்லை. பையில் சீப்பு இருந்தது, மணிமாலை இருந்தது, பேனா இல்லை. நான் பார்த்தேன். என் கணவர் பார்த்தார். அவர் என்னையும் பார்த்தார். எடுத்துக்கொள் என்று அவர் கண் சொன்னது. எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டால் போதும். பேனா கிடைத்துவிடும்.

ஆனால் அந்த டம்ளர். ஆவி வந்துகொண்டிருக்கிற டம்ளர். அதற்கு அந்தப் பக்கம் நிற்கிற அந்த முகம். இது பயம் என்று ஒருவர் எழுதி, இன்னொருவர் கையெழுத்துப் போட்டு, அதை வைத்து இவள் என்னோடு இருப்பாள். அப்படியானால் என் முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் போகிறாளே, இத்தனை வருஷமும் போனாளே, அதற்கு என்ன பெயர்? அங்கே பயம் என்றால் இங்கேயும் பயம். இங்கே வேறு என்றால் அங்கேயும் அதுதான். என் பங்கை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் பெற்றவளுடைய பங்கையும் கொடுத்தாக வேண்டும். இவ்வளவும் அன்றைக்கே இப்படி வரிசையாகத் தோன்றியது என்று சொல்ல மாட்டேன். டம்ளரை எடுக்க என் கை வரவில்லை. அவ்வளவுதான். வாய் முந்திக்கொண்டது.

"இதப் பாருங்கம்மா."

அவர் நிமிர்ந்தார். தரையில் டம்ளர். அதற்கு அப்பால் கட்டிய கைகளோடு அவள்.

"இவ எங்க ரெண்டு பேருக்கும் இப்படித்தான் குடுப்பா. பால்காரருக்கு கையில குடுப்பா. ஊர்ல எல்லாருக்கும் கையில குடுப்பா. இது பயம்னா, எங்க கிட்டயும் பயம்தான்."

சுவரைச் சொன்னேன். புங்க இலையைச் சொன்னேன். பொன்வண்டைச் சொன்னேன். என் கணவர் நடுவில் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். கிணற்றடியில் கை கழுவுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. கழுவினால் போகிற நீலம் இல்லை அது.

வந்தவர் அவளைக் கூப்பிட்டார். "இன்னாடி இது? பெரியம்மாவுக்கு மட்டும் கீழ வைக்கிற?"

"அவங்க எடுக்கட்டும்னு."

"எனக்கு ஏன் கையில குடுத்தே?"

அவள் என்னைப் பார்த்தாள். இதைக்கூடக் கேட்பார்களா என்கிற பார்வை. "நீங்க யாரோதானே."

அவருக்கு ஏலக்காய் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. டீ தளும்பிப் புடவையில் ஊற்றிக்கொண்டது. "ஷாபாஷ், ஷாபாஷ்! நான் யாரோ! கரெக்ட்!" துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. என் டம்ளரை எடுத்து என் கையில் வைத்தார். "குடிங்கக்கா. ஆறிப் போவுது."

பேனாவைத் தேடுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

போகும்போது வாசலில் நின்று புர்காவை மாட்டிக்கொண்டே சொன்னார். "இன்னொரு தடவ பாக்கணும். அங்க வேணாம். நம்ம ஆளுங்க எல்லாம் ஃபைல தூக்கிக்கினு சுத்தி நின்னா எவளுக்கு வெளயாட வரும்? அந்தப் பொண்ண இங்க கூட்டினு வர்றேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லியே?"

இல்லை என்றேன். ஜட்கா போன பிறகு என் கணவர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "நீ சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேனான்னு யோசிச்சினு இருக்கேன்."

பள்ளி விடுமுறையில் அந்தப் பெண் வந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, புதுச் செருப்பு. ஆஸ்பத்திரியிலேயே நோயாளிகளுக்கு ரப்பர் செருப்புத் தைக்கிற கூடத்தில் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். விரிஞ்சிபுரத்தில் ஒரு ரூம் பார்த்திருந்தாள். திமிரியில் அண்ணன் வீடு இருந்தது. வா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. எங்கள் வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வாம்மா."

"இருக்கட்டும்க்கா."

"உள்ள வா. வெயில்ல நின்னு இன்னா பண்ணப் போறே?"

வாணியம்பாடி அம்மா என் கணவரைப் பார்த்து, "சார், உங்க கிணத்தப் பாக்கணுமே, எவ்ளோ ஆழம்?" என்று கேட்டு அவரைக் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிணற்றில் பார்க்க ஒன்றுமே கிடையாது. நான் அடுப்படி வாசலில் நின்றேன். போய்விட வேண்டும் என்று தெரிந்தது. போகவில்லை.

சின்னவள் டப்பாவிலிருந்து ஒரு பொறையை எடுத்தாள். கூடத்தின் நடுவில் தரையில் வைத்தாள். பின்னால் போனாள். கை பின்னால்.

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். காகிதத்தோடு யாரும் இல்லை. மெல்ல உதட்டை உள்ளே மடித்தாள். படியேறி உள்ளே வந்தாள், பொறையை எடுத்துக்கொண்டாள், முந்தானை முடிச்சிலிருந்து எதையோ எடுத்து வைத்து ஒரு வாடிய புங்க இலையால் மூடினாள். ஆஸ்பத்திரியிலிருந்தே இலையைக் கொண்டுவந்திருக்கிறாள்! பின்னால் போனாள், ஆனால் அவ்வளவு தூரம் போகவில்லை. சின்னது வந்து இலையைத் தூக்கிப் பார்த்தது, சிரித்தது, இன்னொரு பொறையை வைத்தது, பின்னால் போனது. அதுவும் அவ்வளவு தூரம் போகவில்லை. வைக்க, எடுக்க, வைக்க, எடுக்க, கூடம் குறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் அந்தப் பெண் எதையும் தரையில் வைக்கவில்லை. தன் உள்ளங்கையில் வைத்து, மடங்கிய விரல்களால் மூடி, நீட்டினாள். பின்னால் போகவில்லை.

சின்னவள் யோசித்தாள். கட்டிய கையைப் பிரித்தாள். கிட்டே போய் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள். மடங்கிய விரல் சீக்கிரம் திறக்காது. நேரமாயிற்று. திறந்தபோது இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அடுப்படி வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது.

பள்ளி திறப்பதற்கு முன் அவள் தன் அம்மாவோடு போனாள். தகரப் பெட்டி பற்றவில்லை. என் கல்யாணப் பெட்டியைக் கொடுத்தேன். கலர் பென்சிலை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தேன். பஸ் ஏறும்போது அவள் அழவில்லை. நானும் அழவில்லை. என் கணவர் மட்டும் "லிமிட்டா, லிமிட்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பிள்ளை வேண்டுமா என்று வாணியம்பாடி அம்மா பின்னால் ஒரு தடவை கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவருக்கு டீ போட்டேன், சர்க்கரை ஜாஸ்தியாக.

கொஞ்ச காலம் போய்ப் பார்க்க வேண்டாம், அங்கே பழகட்டும் என்று அவரே சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்ச காலம் கிறிஸ்துமஸ் விடுமுறை வரைக்கும் நீண்டது. ஒரு சனிக்கிழமை பொறைப் பொட்டலத்தோடு விரிஞ்சிபுரம் போனேன். கோயில் மதிலை ஒட்டிய சந்தில் ஓட்டு வீடு, முன்பக்கம் ஒரே ரூம். அவள் மட்டும் இருந்தாள். வளர்ந்திருந்தாள். "பெரியம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து, பிறகு வெட்கப்பட்டு நின்று, டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள். அவளுக்குச் சமைக்கத் தெரிந்துவிட்டிருந்தது.

டீயைக் கொண்டுவந்தாள். என் முட்டியை நான் நகர்த்தி இடம் விட்டேன்.

கையில் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. குடித்தேன். நீங்க யாரோதானே என்று அவள் சொல்லவில்லை. பள்ளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், புது டீச்சர், ஆற்றில் விளையாடியது, ஓர் ஆட்டுக்குட்டி. நான் கேட்டுக்கொண்டிருந்தேனா? எழுந்தேன். ஜன்னலருகே போனேன். திரும்பி வந்தேன். "இன்னா பெரியம்மா, ஒக்காருங்களேன்" என்றாள். உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன்.

அந்தப் பெண் வேலை முடிந்து வந்தாள். "அக்கா! எப்ப வந்தீங்க?" சின்னது ஏன் லேட்டு என்று அவளை அதட்டியது. அதட்டிக்கொண்டே இன்னொரு டம்ளரைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தது. கையில்தான். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"அதெல்லாம் எப்பவோ விட்டுட்டாக்கா. இப்ப கையப் புடிச்சி இழுக்குறா, காதப் புடிச்சித் திருகுறா. என் பாடு திண்டாட்டம்."

சிரித்தோம். எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் நான் யாரோ இல்லை. அல்லது எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிறாள், அதில் நானும் ஒருத்தி. இரண்டில் எது என்று இன்றைக்கும் எனக்குப் புரிந்ததில்லை.

கிளம்பும்போதுதான் பொட்டலம் ஞாபகம் வந்தது. பையிலிருந்து எடுத்தேன். எடுத்து வாசற்படியில் வைத்தேன். வைத்துவிட்டுச் சந்தில் பின்னால் வந்தேன். என் கை என்னைக் கேட்காமல் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பெரியவர்கள் சின்னப் பிள்ளை மாதிரி ஏதாவது செய்தால் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"இன்னா பெரியம்மா. கையில குடு."

குனிந்து எடுத்தேன். கிட்டே போனேன். கையில் கொடுத்தேன்.

ஆம்பூர் பஸ்ஸில் இடம் இருந்தது. கண்டக்டர் கூட, "அம்மா, ஒக்காருங்க" என்று சீட்டைத் தட்டிக் காட்டினார். நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.